பாத மரியாதை

கேளுங்கள். இது நான் சொல்லப் பயப்படும் கதை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உங்கள் கொள்ளுப்பாட்டனுக்கும் கொள்ளுப்பாட்டன் பிறப்பதற்கு முன்னால், ஏழுமடை என்று ஓர் ஊர் இருந்தது. அதை வச்சிரகேது என்ற அரசன் ஆண்டு வந்தான். ஊருக்கு மேலே ஓர் ஏரி இருந்தது.

மேலே என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஏரி மேட்டில், ஊர் பள்ளத்தில். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் தண்ணீர் ஊரின் கூரைகளைவிட உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மண்கரை. அது உடைந்தால், தட்டில் போட்ட சோற்றை வாயில் வைக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.

அப்படியிருந்தும் அந்த ஊர் ஜனங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள், நிம்மதியாகத் தூங்கினார்கள். எப்படி என்று கேட்கிறீர்களா? பன்னிரண்டு பேரால்.

முன்பு ஒரு மழைக்காலத்தில் கரையின் ஒரு மூலை உடைந்து, குயவர் தெருவில் இருந்த மாடத்தி என்பவளின் மூத்த மகளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மறுவருடம் மழை தொடங்கியதும் மாடத்தி தனியாகப் போய்க் கரையில் நடந்தாள். பைத்தியம் என்றார்கள். அதற்கடுத்த வருடம் செக்கு ஆட்டும் தாண்டவனும் அவளோடு நடந்தான். பிறகு ஒரு பாய் நெய்பவன், ஓர் இடைச்சி, ஒரு நாவிதன் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்து பன்னிரண்டு பேர் ஆனார்கள். யாரும் அவர்களை நியமிக்கவில்லை. யாரும் அவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஊருக்கு அவர்கள் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கரையைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். காலையிலும் மாலையிலும் ஊர்ப்பக்கச் சரிவின் அடியில், வெறுங்காலோடு நடப்பார்கள். காலுக்கு ஈரம் தட்டுப்பட்ட இடத்தில் குனிந்து, கசியும் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்ப்பார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கரைக்கு வேர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கலாக இருந்தால் தண்ணீர் உள்ளே இருந்து மண்ணைத் தின்கிறது என்று அர்த்தம்.

தன் பங்கைப் பார்த்து முடித்தவர் "தெளிவு" என்று அடுத்தவருக்குக் கேட்கும்படி கூவுவார். அடுத்தவர் தம் பங்கின் கடைசிக் கசிவையும் குனிந்து, அள்ளி, பார்த்துவிட்டு "தெளிவு" என்பார். இப்படிப் பன்னிரண்டு குரல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு, கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். இன்னொரு வார்த்தையும் அவர்களிடம் இருந்தது. "கலங்கல்" என்பது அந்த வார்த்தை. அதைக் கூவும் நாள் வரக்கூடாது என்றுதான் அவர்கள் தினமும் நடந்தார்கள்.

அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் ஊர்ப்பெண்கள் உலை வைப்பார்கள். அரசனும் அரண்மனை மாடத்திலிருந்து கேட்டிருக்கிறான். மீன்பிடிப்பவர்கள் ஏதோ பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அரசர்களுக்கு அவ்வளவுதான் காது.

ஓர் ஐப்பசி மாதம் அரசனுக்குக் கெட்ட கனவு வந்தது. முதல் நாள் விடியலில் கனவில் தண்ணீர் கட்டில் காலைத் தொட்டது. இரண்டாம் நாள் மெத்தையைத் தொட்டது. மூன்றாம் நாள் அவன் வாயைத் தொட்டது. அலறி எழுந்தவன் சேனாதிபதியைக் கூப்பிட்டு, இந்த ஊரைக் காப்பது யார் என்று கேட்டான். சேனை என்றார் அவர். ராஜகுருவைக் கேட்டான். தங்கள் புண்ணியம் என்றார் அவர். துணி எடுக்க வந்த வண்ணானைக் கேட்டான். அவன் மட்டும் பன்னிரண்டு பேரைச் சொன்னான்.

வச்சிரகேது கெட்டவன் இல்லை. இத்தனை வருடம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும் என்றான்.

மந்திரி தருமசேனன் யோசித்தார். ஊருக்காக நடந்தவை அவர்களுடைய கால்கள், ஆகையால் நாட்டின் மிகப் பெரிய மரியாதையான பாத மரியாதையையே செய்துவிடலாம் என்றார். பாத மரியாதை என்றால், அரசனே பாலால் கால் கழுவி, சந்தனம் பூசி, வெண்பட்டால் கட்டிவிடுவான். அதன்பின் மூன்று நாள் அந்தக் கால் மண்ணில் படக்கூடாது. பட்டால் அரசன் கொடுத்த மரியாதை புழுதியில் விழுந்ததாகக் கணக்கு. அப்படி மிதித்த காலை வெட்டுவது அரசனின் பாட்டன் காலத்துச் சட்டம்.

பல்லக்குகள் கரைக்கு வந்தன. ஏரி அப்போது விளிம்பு வரை நின்றது. மாடத்தி ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம், மழைக்காலம் முடியட்டும், தை பிறந்ததும் நாங்களே வருகிறோம் என்றாள்.

இங்கேதான் அந்த நாட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏழுமடையில் யாரும் மரியாதையை உடனே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மூன்று முறை மறுத்துவிட்டு வாங்குவதுதான் நல்ல வளர்ப்பு. ஆகவே மாடத்தி முதல்முறை வேண்டாம் என்றதும் மந்திரி தலையாட்டி ரசித்தார். பாதிப் பேராவது கரையில் இருக்கட்டும் என்று அவள் இரண்டாம் முறை கெஞ்சினாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அவர் சேவகர்களிடம் சொன்னார். மூன்றாம் முறை அவள் காலில் விழுந்து அழுதாள். மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி மறுக்கத் தெரிந்தவளை இதுவரை கண்டதில்லை என்று சொல்லி, பல்லக்கில் ஏற்றச் சொன்னார்.

உண்மையாகவே வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் வார்த்தையே இல்லாமல் போயிருந்தது.

கரையை அப்படியே விட்டுவிட மந்திரி ஒன்றும் முட்டாள் இல்லை. பன்னிரண்டு காவல் வீரர்களை அங்கே நிறுத்தினார். நடக்க வேண்டும், மாலையில் தெளிவு என்று கூவ வேண்டும் என்று கட்டளையிட்டார். எதற்காகக் கூவுகிறோம் என்று அவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் நாள் அரண்மனை முற்றத்து மேடையில் பன்னிரண்டு பேரின் கால்களையும் அரசன் கழுவினான். வெடிப்பும் சேற்றுப்புண்ணும் கிடந்த கால்கள். அன்று மாலை முரசும் எக்காளமும் போட்ட சத்தத்தில் கரைக்குரல் மேடைக்குக் கேட்கவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மாலை, வாத்தியக்காரர்கள் இளைப்பாறிய நேரத்தில் குரல் கேட்டது. தெளிவு, தெளிவு, தெளிவு. கீழே தெருவில் பெண்கள் நிம்மதியாக உலை வைத்தார்கள். மேடையில் மாடத்திக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. தாண்டவனைப் பார்த்தாள். அவன் முகமும் வெளுத்திருந்தது. அவள் மந்திரியைக் கூப்பிட்டு, அந்தக் குரல் சரியில்லை என்றாள். கரையில் நிற்பவர்கள் பொறுக்கி எடுத்த வீரர்கள், கவலை வேண்டாம், இன்னும் ஒரு நாள்தானே என்று மந்திரி சிரித்தார்.

மூன்றாம் நாள் மழை இன்னும் வலுத்தது. நினைத்துப் பாருங்கள். மேலே வானம் கறுத்துக் கிடக்கிறது. ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. குழந்தைகள் தாழ்வாரத்தில் விளையாடுகிறார்கள். பயப்பட வேண்டும் என்று தெரிந்த பன்னிரண்டு பேர் மட்டும், பட்டுச் சுற்றிய காலோடு, மாலையும் கழுத்துமாக, இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி குரல் வந்தது. தெளிவு, தெளிவு, தெளிவு. சுணக்கமே இல்லாமல் பன்னிரண்டும் வந்து முடிந்தன.

மாடத்தி குனிந்து பட்டை அவிழ்த்தாள். மேடையிலிருந்து இறங்கி மண்ணில் கால் வைத்தாள்.

முற்றம் திகைத்தது. இரண்டு வீரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வாளை உருவிய ஒருவன் அரசன் முகத்தைப் பார்த்தான். தன் கையால் கட்டிய பட்டு சேற்றில் கிடப்பதைக் கண்ட அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான்.

"காலை வெட்டணும்னா வெட்டிக்குங்க மகாராசா. கரையைப் பாத்துட்டு வந்து நானே நீட்டுறேன். அங்க கூவுறவங்க யாரும் குனியல."

"இங்கே உட்கார்ந்திருக்கிற உனக்கு அது எப்படித் தெரியும்?"

"குனிஞ்சு, அள்ளி, பாத்து, நிமிர நேரமாகும். அந்தக் குரல்ல அந்த நேரம் இல்ல, மகாராசா. மூணு நாளா ஊருக்கு வெறும் சத்தம்தான் கேக்குது."

சட்டம் ஒரு பக்கம் நின்றது. சபை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. அரசன் வாளைப் பார்த்து ஒருமுறை தலையசைத்திருந்தால் அவன் கௌரவம் தப்பியிருக்கும். ஆனால் அவள் முகத்தில் இருந்த பயத்தை அவன் பார்த்தான். கனவில் தண்ணீர் வாயைத் தொட்டபோது தனக்கு வந்த அதே பயம்தான் அது. அவளை விடச் சொன்னான். தன் பாதரட்சையை உதறிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினான்.

ஏழாம் பங்கில், நல்ல தோல் செருப்புப் போட்ட ஒரு வீரன் கரையின் உச்சியில் விறைப்பாக நின்றிருந்தான். சரிவின் அடியில், அவனுக்கு நேர் கீழே, மாடத்தியின் கால் கணுக்கால் வரை உள்ளே போனது. அவள் அள்ளிப் பார்த்தாள். உள்ளங்கையில் செம்மண் நிறத்தில் தண்ணீர்.

"கலங்கல்" என்று கூவினாள்.

பல வருடம் கேட்காத அந்த வார்த்தை ஊரின் மேல் விழுந்தது. மேடையில் இருந்த பதினொரு பேரும் குதித்து ஓடிவந்தார்கள். பெண்கள் உலையை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஆண்கள் வைக்கோலும் மணல் கூடையும் சுமந்து வந்தார்கள். மாடத்தி சொன்னபடி, பொங்கும் இடத்தை அடைக்காமல் அதைச் சுற்றி மணலால் வட்டம் கட்டி, தண்ணீர் மட்டும் வெளியேறி மண் உள்ளேயே நிற்கும்படி நடுவில் வைக்கோலும் சரளையும் போட்டார்கள்; அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஒரு முறை கரை சரிந்து தாண்டவன் இடுப்பு வரை புதைந்தான். அவன் வலது கால் முறிந்தது. ஒரு முறை வட்டம் உடைந்து குயவர் தெருவின் மூன்று வீடுகள் நனைந்து விழுந்தன. ஒரு முறை எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான் என்று. மாடத்தி மட்டும் கூடையைக் கீழே வைக்கவில்லை. அரசனும் வைக்கவில்லை.

கடைசியில் கலங்கல் மெல்ல மெல்லத் தெளிந்தது. கரை நின்றது. ஓர் உயிரும் போகவில்லை.

மந்திரி தயங்கித் தயங்கிச் சட்டத்தை நினைவூட்டினார். மாடத்தி காலை நீட்டினாள். பன்னிரண்டு பேரின் கால்களும் சேற்றில் இருந்தன. அரசன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு, என் பாட்டன் போட்ட சட்டம் இன்றோடு முடிந்தது என்றான். அவனுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை தாண்டவனால் எழுந்து நிற்க முடியவில்லை. அவனுடைய பங்கு ஆளில்லாமல் கிடந்தது. அதற்கு வச்சிரகேது வந்தான். குடையில்லை, கூட்டமில்லை. ஒரு பக்கம் கரையின் விளிம்பைத் தொட்டு நிற்கும் தண்ணீரையும், மறுபக்கம் காலுக்குக் கீழே கிடக்கும் தன் ஊரின் கூரைகளையும் அப்போதுதான் முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தான். அந்தக் கூரைகளில் புகை எழுந்துகொண்டிருந்தது. பிறகு சரிவின் அடிக்கு இறங்கினான்.

அவன் கசிவை அள்ளினான். தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கூவ வாய் வரவில்லை. தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அள்ளிப் பார்த்தான். அடுத்த பங்கில் காத்திருந்த மாடத்தியிடம் போய், தினமும் உங்களுக்கு இப்படித்தான் பயமாக இருக்குமா என்று கேட்டான்.

"தெனமும்தான் மகாராசா. நாங்க பயந்துக்கிட்டாத்தான் அவங்க பயப்படாம சோறு திங்க முடியும்."

அரசன் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான். மறுபடியும் குனிந்தான். தாண்டவன் கால் சரியாகும் வரை, அந்த மழைக்காலம் முழுதும் காலையிலும் மாலையிலும் அவன் வந்தான். முரசு கொட்டவில்லை, யாரையும் பல்லக்கில் ஏற்றவில்லை. ஆனால் ஏழுமடையில் அதற்குமேல் ஒரு மரியாதையை யாரும் கண்டதில்லை என்று சொல்வார்கள்.

கதை முடிந்தது, நீதியையும் கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள்: ஊருக்காக உழைப்பவர்களைப் பெருமைப்படுத்த நினைக்கிறவர், முதலில் அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, அவர்கள் சுமக்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தானும் சுமக்க வேண்டும்.