இல்லாத ரோட்டை வெட்டக் காசு

சகாயமேரி காலையிலிருந்தே வரிசையில் நின்றாள். நிற்காமல் பின்னே? தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியே முழங்கால் தேய்ந்தவள் அவள். கால்வாய்க்கரைக் குடிசைகளுக்கு வீட்டுக் குழாய் கொடுக்கிற முகாம் அன்று மாலையோடு முடிகிறது. முந்தானையில் முடிந்த பணமோ குழாய் இணைப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான் காணும்.

மேசைக்குப் பின்னால் இன்ஜினியர் அனந்தகிருஷ்ணன், நாற்காலி கொள்ளாத மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பரிமளா, தங்கள் சந்துக்குத் தெருவிளக்கு கேட்டாள்.

"விளக்கா? அங்கே ரோடே கிடையாதும்மா, வெறும் மண்ணு. ரோடு இருந்தாத்தான் விளக்கு!" என்று எரிந்து விழுந்தார்.

அடுத்து சகாயமேரி, கையில் உள்ள பணம் எவ்வளவு என்று அவரிடம் சொன்னாள்.

"இணைப்புக்குச் சரி. குழாய் பதிக்க ரோடு வெட்டுற கட்டணம் எங்கே? இதைப்போல ரெண்டு மடங்கு. இல்லேன்னா நகரு!"

சகாயமேரி நகரவில்லை. இன்று விட்டால் மறுபடியும் லாரிதான். முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எந்த ரோட்டை சார் வெட்டுவீங்க?"

"உன் வீட்டு முன்னாடி இருக்கிற ரோட்டைத்தான்!"

"பரிமளாக்கா, போயிடாதே! ரோடு வந்துடுச்சு, சார் விளக்கு தராரு!" என்று சகாயமேரி திரும்பிக் கூவினாள்.

வரிசை கொல்லென்று சிரித்தது. ரோடு என்றால் விளக்கு போடணும். மண் என்றால் காசு கேட்க முடியாது. இன்ஜினியர் முகம் சுண்டிப்போனது.

"மண்ணுதான்மா, மண்ணுதான்" என்று முனகிக்கொண்டே, ரோட்டுக் கட்டணம் இல்லாமல் ரசீது போட்டார்.

அவள் ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குள் பரிமளா இடித்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

"விளக்கு அப்புறம் பாத்துக்கலாம் சார். எங்க வீட்டு முன்னாடியும் மண்ணுதான்!"

"எங்களுக்கும் மண்ணுதான் சார்!" என்றது வரிசை, கடைசி ஆள் வரைக்கும்.