புதன்கிழமை பத்து நாற்பது

"எவன் புண்ணத் தொடப் போனாலும் துரை, முதல்ல உன்…"

ஞானதுரை சீமைக்குக் கிளம்பிய அன்று அவருடைய பெரியப்பா சொன்னது இது. பெரியப்பா ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் புண் கட்டியவர். சொல்லி முடிப்பதற்குள் பஸ்காரர் ஆரன் அடித்துவிட்டார். முதலில் உன் கையைக் கழுவு என்றாரா, உன் கையைப் பார் என்றாரா என்பது இருபத்தொரு வருஷமாக ஞானதுரைக்கு நிச்சயமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பெரியப்பாவும் இல்லை.

இப்போது ஞானதுரைக்கு நாற்பத்தெட்டு வயது. தூத்துக்குடிக்கே திரும்பி வந்தாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த ருக்கையா அவரைவிட ஏழு வயது இளையவர். அவர்தான் ஆசிரியை.

"பதினோரு பேர் படிக்கிறோம். பத்துப் பேருக்கு வைத்தியம் தொடங்க அனுமதி குடுத்துட்டீங்க. எனக்கு மட்டும் ஏன் மேடம் இல்ல?"

ருக்கையா மேசைமேல் இருந்த ஜக்கிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினார். அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஞானதுரை தம்ளரைப் பார்த்தார். தொடவில்லை.

"பதில் சொல்லலியே."

"சொல்லிட்டேன் சார்."

*

ருக்கையா நடத்தியது பன்னிரண்டு வாரப் பயிற்சி.

இருமினால் சிறுநீர் கசிகிறவர்கள், பிள்ளை பெற்றபின் கருப்பை இறங்கியவர்கள், உட்கார்ந்தால் அடியில் வலிக்கிறவர்கள். வெளியே சொல்ல வாய் வராத உபத்திரவங்கள். இவற்றுக்கு இடுப்பின் அடித்தசையைப் பழக்கி வைத்தியம் பார்ப்பது எப்படி என்று மற்ற வைத்தியர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் நர்சுகள், பிசியோதெரபிஸ்டுகள், ஒரு லேடி டாக்டர். ஆண் என்று ஞானதுரை ஒருத்தர்தான்.

ஆண்கள் பதிவேட்டில் பதிமூன்று பெயர்கள் காத்துக்கிடந்தன. பெண்ணிடம் சொல்ல மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அத்தனை பேரும்.

ஞானதுரை சீமையில் பிசியோதெரபிஸ்டாக முட்டியும் முதுகும் பார்த்துப் பேர் வாங்கியவர். இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களிடம், ஊரில் இதற்கு ஆள் இல்லை என்று சொன்னார். அது நிஜம். பாதி நிஜம்.

மீதிப் பாதி அவருடைய தோள்பையின் அடியில், ஒரு கறுப்பு உறைக்குள் மடித்து வைத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது. அன்றிலிருந்து இருமினால் கசியும், குனிந்தால் கசியும். உள்ளாடைக்குள் பேட் வைக்காமல் வாசலைத் தாண்டுவதில்லை.

மனைவிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வெளியே போனால் தண்ணீர் குடிப்பதில்லை.

'நோயாளிகள் தண்ணீரைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் மூத்திரப்பைக்கு எரிச்சல்தான் கூடும்' என்று ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அவர்தான் முதல்.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த பாலம்மாள் சிஸ்டர் சும்மா இருக்க மாட்டாள். "சார் ஒட்டகத்து வீட்டுல பொண்ணு எடுத்திருக்காக போல. காலையிலேருந்து ஒரு சொட்டு இறங்கல" என்றாள் ஒருநாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஞானதுரையும் சிரித்தார், அளவாக.

*

பத்தாவது வாரம் சந்தியாகு வந்தார்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர். அறுபத்திமூன்று வயது. அவர் விலை கூறினால் துறைக்கு வெளியே நிற்கிற படகுக்குக் கேட்கும் என்பார்கள். அவருக்கும் அதே ஆபரேஷன். ஆறு மாதமாக ஏலக் கொட்டகைப் பக்கமே போகவில்லை என்று மகள் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

கேள்வி கேட்க மட்டும் ஞானதுரைக்கு அனுமதி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் கேட்டார்.

இருமும்போது கசிகிறதா? இல்லை. தும்மும்போது? இல்லை. துணியோ பேடோ வைக்கிறீர்களா? இல்லவே இல்லை.

அப்புறம் எதற்கு அண்ணாச்சி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, மகள் கூட்டிக்கொண்டு வந்தாள் என்றார். மடியில் ஒரு துண்டை விரித்திருந்தார். எழுந்தபோது அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

அது பொய் என்று ஞானதுரைக்குத் தெரியும். அவரும் தோள்பையை அப்படித்தான் பிடித்துக்கொண்டு எழுவார். தெரிந்தும், கட்டங்களில் இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினார்.

அடுத்த வாரமும் சந்தியாகு வந்தார். அதே கேள்விகள். அதே துண்டு.

ருக்கையா இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவர் சொல்லல மேடம். நான் என்ன பண்ண முடியும்?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எல்லாத்தையும் கேட்டேன்."

ருக்கையா தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

ஞானதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தொரு வருஷ அனுபவம் உள்ளவன், இது என்ன விளையாட்டு, எனக்கு இந்தச் சான்றிதழே வேண்டாம், நாளையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றார். குரல் உயர்ந்தது. குரல் உயர்ந்ததும் கசிந்தது. சட்டென்று பேச்சை நிறுத்தி, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

ருக்கையா பார்த்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து பதினோரு தாள்கொத்துகளை எடுத்து வந்தார்.

*

பயிற்சியின் முதல் வாரமே ஒரு வேலை உண்டு.

மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு போனோம், நடுவில் கசிந்ததா என்று டைரி எழுத வேண்டும். அளக்க ஆளுக்கொரு கப் கொடுப்பார்கள். நோயாளியை எழுதச் சொல்வதற்கு முன்னால் வைத்தியர் எழுத வேண்டும். அதுதான் ருக்கையாவின் முறை.

எல்லாவற்றிலும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி மேசையில் பரப்பினார். இரண்டாம் நாள். புதன்கிழமை.

பாலம்மாளின் கையெழுத்து தாறுமாறாக ஓடியது: '11.15. அடக்க முடியல. எதிர்த்த பாங்குக்கு ஓடினேன். கப் கொண்டு போகல. மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தார்.'

லேடி டாக்டர் எழுதியிருந்தது: 'ஒரு மணி வரை அடக்கினேன். தப்பு. தெரிந்தே செய்தேன்.'

இன்னொருத்தி ஒரு மணிக்கு நேரே '600' என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாள்.

ஞானதுரையின் தாள் அச்சடித்த மாதிரி இருந்தது. ருக்கையாவின் விரல் அதில் ஒரு வரியின் மேல் வந்து நின்றது.

'10.40. 250 மில்லி. அவசரம் இல்லை. கசிவு இல்லை.'

"அன்னைக்கு இங்க தண்ணி மோட்டார் எரிஞ்சு போச்சு சார். ஒன்பது மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் பாத்ரூமைப் பூட்டி வச்சிருந்தோம்."



ஞானதுரைக்கு அந்தப் பூட்டு நினைவில் இல்லை. அன்று அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட குடிக்கவில்லை. மூன்று நாள் டைரியையும் திங்கட்கிழமையே வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்து, ஆரோக்கியமான ஓர் ஆளுக்கு எழுதி முடித்திருந்தார்.

இனி வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தார்.

"உங்களுக்கு முன்னால நாலு ஆம்பிளைங்க இங்க படிச்சிருக்காங்க" என்றார் ருக்கையா. "நாலு பேர் டைரியும் இதே மாதிரி சுத்தம். நாலு பேருக்கும் நான் கையெழுத்துப் போட்டேன்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"முட்டி பார்க்கறாங்க."

ஞானதுரை தன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு யாரும் வர்றதில்லையாம். வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் பிரச்சினை இல்லன்னு சொல்லிட்டுப் போயிடறாங்களாம்."

"என் டைரி பொய்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் வாரமே."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

ருக்கையா தம்ளரை இன்னும் ஓர் அங்குலம் நகர்த்தினார்.

"பத்து வாரமா கேட்டுக்கிட்டுத்தானே சார் இருக்கேன்."

ஞானதுரை தம்ளரை எடுத்தார். நிறுத்தாமல் குடித்தார். வெகுநாள் தாகம்; பாதியில் புரையேறிவிட்டது. இருமினார். இருமி அடங்கியபோது முகமெல்லாம் தண்ணீர். மற்ற இடமும் நனைந்தாயிற்று.

ருக்கையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்."

"இன்னொரு தம்ளர் ஊத்தட்டா?"

"ஊத்துங்க."

*

சனிக்கிழமை காலை சந்தியாகு மூன்றாம் தரம் வந்தார். துண்டோடு வந்தார்.

மேசையில் கேள்வித்தாள் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு தம்ளர் தண்ணீர் இருந்தது.

ஞானதுரை ஒரு தம்ளரைப் பெரியவர் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் தம்பி, இப்பத்தான் குடித்தேன் என்றார் சந்தியாகு. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

ஞானதுரை தன்னுடையதைக் குடித்தார். தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்கு இருமுனா வந்துரும் அண்ணாச்சி."

சந்தியாகு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குப் பண்ணுன அதே ஆபரேஷன்தான். குனிஞ்சாலும் வரும். சத்தம் போட்டாலும் வரும்."

நீண்ட நேரம் சந்தியாகு கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தன வைக்கீய?"

"வெளிய வந்தா ரெண்டு. நீங்க?"

"மவ பிள்ளைக்கு வாங்குததுல ஒண்ண எடுத்து வச்சுக்கிடுதேன். பொம்ம போட்டிருக்கும்."

"என்ன பொம்ம?"

"யான."

ஞானதுரை உதட்டைக் கடித்தார். நிற்கவில்லை. சந்தியாகுவுக்கும் நிற்கவில்லை. துறைமுகத்துக் குரல் அல்லவா, சிரிப்பும் அந்த அளவுக்கு வந்தது.

"சிரிக்க வைக்காதீய தம்பி. உள்ளதும் போயிரும்."

"எனக்குப் போயாச்சு அண்ணாச்சி."

கண்ணைத் துடைத்துக்கொண்டபின் சந்தியாகு தானாகவே சொன்னார். ஆபரேஷன் முடிந்து ஏலத்துக்குப் போன முதல் நாள். நல்ல சீலா மீன் வந்திருந்தது. சுற்றி நாற்பது வியாபாரிகள்.

"ஒரு தரம்னேன். ரெண்டாந் தரம் சொல்லுததுக்குள்ள வேட்டி நனைஞ்சிட்டு. சீலாவ அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு பேசுனானுவ. பேசிட்டுப் போறான்னு இருந்துட்டேன்."

அதைச் சொன்னபின் மடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தம்ளரை எடுத்து முழுவதும் குடித்தார்.

ஞானதுரை எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நடைவழியில் பாலம்மாளோடு நின்றிருந்த ருக்கையா அவர் முகத்தைப் பார்த்தார். தொடங்குங்கள் என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவதுபோல அடியிலுள்ள தசையை உள்ளே இறுக்கி மேலே தூக்க வேண்டும், மூச்சை மட்டும் பிடிக்கக் கூடாது என்று ஞானதுரை விளக்கினார். சந்தியாகு மூச்சைப் பிடித்தார். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். மூச்சு நின்றால் தசை மேலே போகாது, அழுத்தம் கீழேதான் இறங்கும்.

"வாய்விட்டு எண்ணுங்க அண்ணாச்சி. எண்ணுனா மூச்சு நிக்காது."

"ஒண்ணு, ரெண்டுன்னா?"

"உங்களுக்கு எப்படி வருமோ அப்படி."

சந்தியாகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு தரம்…"

முதலில் முணுமுணுப்பாக வந்தது. பிறகு பேச்சாக. பத்தாவது முறை, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று நடைவழியெல்லாம் கேட்டது. வெளியே உட்கார்ந்திருந்த மகள் எழுந்து நின்றுவிட்டாள். ஆறு மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரல்.

"என்ன மேடம்," என்றாள் பாலம்மாள், "உள்ள மீன் விக்கிறாகளா?"

*

சந்தியாகுவை மகளோடு அனுப்பிவிட்டு ஞானதுரை வந்து உட்கார்ந்தார். நடுமதியம். ஜக்கில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

ருக்கையா அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். தம்ளரை நகர்த்துவது போலவே அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஞானதுரை தாளைப் பார்த்தார். அதை எடுக்காமல், மேசையின் ஓரத்தில் இருந்த ஆண்கள் பதிவேட்டை இழுத்துத் திறந்தார். பதினாலாவது பெயர் சந்தியாகு.

"பேனாவைக் குடுங்க மேடம்."

ருக்கையா கொடுத்தார்.

பதினைந்தாவது வரியில், நோயாளி பெயர் என்ற கட்டத்தில், அவர் தன் பெயரை எழுதினார்.