காவலை விட்டவர்

"இனிமே அந்த ஊருக்காக வாயத் தொறந்தா என் பேரு மாசிலாமணி இல்ல, தாயி."

உலகம்மை கரி பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்தில் அவருடைய குடில். வந்தவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் அவரைத் தாயி என்றுதான் அழைப்பார்கள்.

மாசிலாமணி பக்கத்து ஊரின் இரவுக் காவலர். முன்பொரு கோடையில், வாசலில் உறங்கிய குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் ஊர் காவல் வைத்தது. ஊர் எல்லையில் ஒரு பரண். அதில் மாசிலாமணி.

"என்ன நடந்துச்சு?" என்றார் உலகம்மை.

"சிறுத்தையப் பாத்ததும் நான் கத்துதேன். எல்லாரும் பந்தத்தத் தூக்கிட்டு ஓடி வாராங்க. வெளிச்சத்தப் பாத்ததும் அது போயிருது. எங்கய்யா சிறுத்தன்னு கேக்காங்க. போயிட்டுன்னு சொல்லுதேன். சிரிக்காங்க."

"சரி."

"என்ன சரி? கத்தாம இருந்தா ஒரு உசிரு போகும். அப்பத்தான் நம்புவாங்க. கத்தினா ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகலன்னா நான் பொய்யன்!"

உலகம்மை சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"நேத்து ஊர்க்கூட்டத்துல சடைச்சி எந்திரிச்சு நிக்கா. இவரு கனவுல வார சிறுத்தைக்கு எங்க தூக்கம் கெடணுமான்னு கேக்கா. எல்லாருக்கும் சிரிப்பு. கம்பக் கீழ போட்டுட்டு வந்துட்டேன்."

"இப்ப காவலுக்கு யாரு?"

"சுடலைக்கண்ணு. அமைதியான ஆளாம். அமைதி! அதான் அவங்களுக்கு வேணும்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஏன் கத்தணும்? அதச் சொல்லுங்க. கத்தினா சிறுத்தை மொதல்ல என்னத்தான் பாக்கும். பரண்ல பேசாம படுத்துக் கிடந்தா எனக்கு ஒரு சேதமும் இல்ல. அப்புறம் எதுக்குக் கத்தணும்?"

உலகம்மை விளக்குமாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பின்னால சருகு கிடக்கு. கூட்டுங்க."

மாசிலாமணி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

குடிலின் பின்னால் ஒரே சருகு. அதற்குள் ஒரு கூட்டம் தவிட்டுக்குருவிகள். சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தின்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

திடீரென அது கத்தியது.

அத்தனை குருவிகளும் புதருக்குள் பாய்ந்தன. மாசிலாமணி வானத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

சற்று நேரத்தில் குருவிகள் வெளியே வந்தன. மறுபடியும் தின்றன. கத்திய குருவியை ஒன்றுகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதுவோ அதே கிளையில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டது.

மாசிலாமணி விளக்குமாற்றோடு முன்பக்கம் ஓடி வந்தார்.

"தாயி! இங்கயும் அதே கதைதான். அது பட்டினியா உக்காந்து கத்துது. மத்ததெல்லாம் வயிறு முட்டத் திங்குது. ஒரு நன்றி உண்டா?"

"எதுக்குக் கத்துச்சு?"

"வல்லூறா இருக்கும்."

"வந்துச்சா?"

"வரல."

"ஏன் வரல?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு கேக்கீங்க! அந்தக் குருவி ஏன் கத்தணும்? பேசாமப் பறந்து போனா அது தப்பிச்சுரும்லா?"

"என்னக் கேட்டா? மரத்துல ஏறி அதுகிட்டயே கேளுங்க."

"விளையாடாதீங்க, தாயி. அதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

உலகம்மை பெருமூச்சு விட்டார். எழுந்து பின்பக்கம் போனார். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து முருங்கைக் கிளையைப் பார்த்து வீசினார். மேலே இருந்த குருவி சிறகடித்து ஓடைப் பக்கம் பறந்து போயிற்று.

"போதுமா? அதுக்கு விடுதல கொடுத்தாச்சு. இப்ப மத்ததப் பாருங்க."

மாசிலாமணி பார்த்தார்.

கீழே இருந்த குருவிகள் ஒரு சருகைப் புரட்டின. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தன. ஒரு கொத்து. மறுபடியும் வானம். ஒரு பூச்சி நழுவி ஓடியது. அதை விரட்ட எதற்கும் துணிவில்லை.

"என்ன தெரியுது?" என்றார் உலகம்மை.

மாசிலாமணி வெகுநேரம் யோசித்தார்.

"குருவிகளுக்கு இன்னைக்குப் பசி இல்ல போல."

உலகம்மை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு சில நாட்கள் மாசிலாமணி தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார். கேள்வியை மட்டும் விடவில்லை. சோறு போடும்போது கேட்டார். துணி துவைக்கும்போது கேட்டார். உலகம்மை அவரைக் கண்டாலே வேறு பக்கம் நடக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் காலையில் சடைச்சி வந்தாள். முகம் வீங்கி, கண் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்று கத்தினாள்.

"அண்ணாச்சி, கெளம்புங்க. ஊருக்குப் போவோம்."

மாசிலாமணிக்குப் பதறிவிட்டது.

"யாருக்கு என்ன? சிறுத்த வந்துட்டா?"

"தெரியாது."

"ஆடு ஏதும் போச்சா?"

"இல்ல."

"பிள்ளைக?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பதற்றம் அடங்கியது. கோபம் ஏறியது.

"அப்புறம் என்ன? சுடலைக்கண்ணு கத்துதானா?"

"எங்க கத்துதான்! வாயே தொறக்க மாட்டேங்கான். பரண்ல பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கான். சிறுத்த வந்துச்சாலேன்னு கேட்டா, வந்தா என்ன, தானாப் போயிரும், அதுக்கு ஊரக் கூட்டணுமாங்கான்."

"நீங்க கேட்ட ஆளுதான. நிம்மதியாத் தூங்குங்க."

"எங்க தூங்க? வந்துச்சோ வரலையோ, யாரு கண்டா? சருகு அசைஞ்சா எந்திரிக்கேன். ஆடு செருமினா எந்திரிக்கேன். பிள்ளையத் தடவித் தடவிப் பாக்கேன். ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆளு முழிச்சிருக்கு, அண்ணாச்சி. பகல்ல ஒருத்தனாலயும் வேல பாக்க முடியல. ஆளுக்கு ஆளு சண்ட."

உலகம்மை வாசல்படியில் வந்து நின்றார்.

மாசிலாமணி விடுவதாக இல்லை.

"நான் இருந்தப்ப மட்டும் தூங்கினீங்களாக்கும்? என் தொண்டையால தூக்கம் போச்சுன்னு ஊருக்கு முன்னால சொன்னது நீதான?"

"ஆமா, சொன்னேன். நீங்க கத்துனப்ப தூக்கம் போச்சு."

சடைச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கத்தாத நேரமெல்லாம் தூங்கினோம்லா, அண்ணாச்சி!"