சாட்சிக்கு வந்தவள்

காண்டிராக்டர் வைரவநாதன் வந்தால் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நாற்காலிகூட எழுந்து நிற்கும். பத்திரம் எழுதும் செங்கமலத்தின் மேசையைத் தட்டினார்.

"அப்பா வீடு, நான் ஒரே வாரிசு. இன்னைக்கே விக்கணும். எதிர்க்கேள்வி கேட்டா உன் மேசை இங்கே இருக்காது!"

"கூடப்பிறந்தவங்க யாருமில்லைன்னு எழுதிட்டேன், ஐயா. சாட்சிதான் வேணும்."

"யாரையாவது கூப்பிடு!"

"நான் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றார் வீட்டுப் புரோக்கர் பீர்முகமது.

உள்ளே வந்தாள் ஒரு பெண். அந்த வீட்டைக் காட்டப் போனபோது சுவரிலிருந்த கல்யாணப் படத்தில் மணப்பெண்ணாகப் பார்த்து, பீர்முகமது செங்கமலத்திடம் முன்பே சொல்லிவைத்திருந்த அதே பெண். பத்திரத்தைப் படித்தாள்.

"அண்ணே, நான் பிறக்கவே இல்லைன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

வைரவநாதன் மெல்ல உட்கார்ந்தார். செங்கமலம் புதுத் தாளை எடுத்தாள்.

"பேரைச் சொல்லுங்கம்மா. அண்ணன் பேருக்குப் பக்கத்துலயே எழுதறேன்."