மலைப் பக்கம் போகும் பந்து

“புது ஸ்டேடியத்துல ரிங்கு கோணலா இருக்கு,” என்றார் சண்முகவடிவு.

நிலோபர் ஓடிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தபடியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க மேடம்.”

வடிவு உட்கார்ந்தார். தென்காசிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவர். அதே கல்லூரியில் படித்து, அதே கோர்ட்டில் ஆடி, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவர். நிலோபர் பத்து மைல் தள்ளி இன்னொரு கல்லூரியின் பயிற்சியாளர். அவளுக்கு வயது முப்பத்திரண்டு.

அவள் கல்லூரிக்கு மைதானமே கிடையாது. மூடிப்போன ஓர் அரிசி ஆலையின் நெற்களத்தில் இரண்டு கம்பம் நட்டு ஆடுகிறார்கள். நாலு பக்கமும் உயரமான மதில்.

தன்னைவிட இருபது வயது சின்னவளிடம் யோசனை கேட்டு வருவது லேசான காரியமில்லை. வடிவு தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தி, இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தார். வந்த காரணம் வேறொன்றுமில்லை, போன சனிக்கிழமை அவர் அணியை அவருடைய சொந்த அரங்கத்திலேயே தோற்கடித்தது இந்த நெற்களத்து அணிதான்.

அரங்கம் புத்தம் புதியது. பளபளக்கிற மரத்தளம், ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் படிகள், மழைக்கும் வெயிலுக்கும் கவலைப்படத் தேவையில்லாத கூரை. சீசன் தொடங்குமுன் ஊருக்கு அரங்கத்தைக் காட்ட மூன்று நட்பு ஆட்டம் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் மதுரை அணியிடம் தோல்வி. இரண்டாவதில் நிலோபரிடம். பழைய சிமெண்ட் கோர்ட்டில் பதினோரு வருஷம் தோற்காத அணி வடிவுடையது.

வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது ஆட்டம். அதுவும் போனால் சென்னையிலிருந்து வேறு பயிற்சியாளர் வருவார் என்று கல்லூரிச் செயலர் சொல்லிவிட்டார். நல்ல காபி வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.

“கோணல்னு எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?” என்று நிலோபர் கேட்டாள்.

“கண்டுபிடிக்க முடியலம்மா. அதுதான் வயித்தெரிச்சலே. இஞ்சினியர் வந்து அளந்தாரு. சரியா இருக்குன்னுட்டாரு. நான் நம்பல. கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து தூக்குக்குண்டு விட்டுப் பாத்தேன். அதுவும் சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

“பூசணிக்காய் உடைச்சேன்.”

நிலோபர் சிரிக்கவில்லை. அதற்காகவே வடிவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

“பந்து எந்தப் பக்கம் தப்புது மேடம்?”

“மலைப் பக்கம்.”

“ஸ்டேடியத்துக்குள்ள மலை எங்க தெரியுது?”

“தெரியாட்டி என்ன? மேற்கேதான மலை. பழைய கோர்ட்டுல சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு.”

“ரெண்டு ரிங்குலயுமா?”

“ரெண்டுலயும் மலைப் பக்கம்தான். வடக்கு ரிங்குல போட்டா இடதுல போவுது, தெற்கு ரிங்குல போட்டா வலதுல போவுது.”

“வெளியூர் போனா?”

“வெளியூர்ல எங்களுக்கு எப்பவுமே ராசி கிடையாதும்மா. அதை விடுங்க.”

நிலோபர் விசில் ஊதினாள். ஆட்டம் நின்றது. ஒரு பெண்ணிடமிருந்து பந்தை வாங்கி வடிவின் கையில் கொடுத்தாள்.

“ஒண்ணு போடுங்க மேடம்.”

“நானா? இந்த முட்டியை வச்சிக்கிட்டா?”

“குதிக்க வேண்டாம், நின்னபடியே போடுங்க.”

வடிவு எழுந்து, கோட்டில் நின்று போட்டார். ஐம்பத்திரண்டு வயதிலும் கை அழகாகத்தான் எழும்பியது. பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் அதே இடம். மூன்றாவதும்.

“எந்தப் பக்கம் மேடம்?”

வடிவு வளையத்தைப் பார்த்தார். பிறகு மதிலுக்கு மேலே பார்த்தார். அங்கே மலை தெரிந்தது.

“மலைப் பக்கம்.”

“எங்க ரிங்கும் கோணலா?”

வடிவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்போ கோணல் எங்கதான் இருக்கு?”

“உங்க பழைய கோர்ட்டுல ஒரு சாயங்காலம் நில்லுங்க மேடம். பந்து இல்லாம.”

“பந்து இல்லாம நின்னு என்ன செய்ய?”

“சும்மா நில்லுங்க.”

 நிலோபர் விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டாள்.

*

பழைய கோர்ட் புது அரங்கத்தை ஒட்டியே கிடந்தது. வடிவு மறுநாள் சாயங்காலம் அதன் நடுவில் போய் நின்றார். பந்து இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. தோட்டக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

சாரல் காலம். துப்பட்டா கிழக்கே பறந்தது. இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறுபடி பறந்தது. மறுபடி செருகினார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலைதான்.

மூன்றாவது தடவை கை பாதியில் நின்றது.

செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, சாரல் முழுக்க, வந்துகொண்டே இருக்கும். அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வின்போதும், பயிற்சியின்போதும், ஆட்டத்தின்போதும்.

வடிவு வெறுங்கையை உயர்த்தி, பந்து போடுவதுபோல் போட்டார். விரல்களை அப்படியே காற்றில் நிறுத்திப் பார்த்தார்.

விரல்கள் வளையத்தைக் காட்டவில்லை. மலையைக் காட்டிக்கொண்டு நின்றன.

*

அன்று இரவு அவருக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம். நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்துதானே!

காலையில் பெண்களை அரங்கத்துக்குள் வரிசையாக நிறுத்தினார்.

“மலைப் பக்கம் போடாதீங்கட்டி. நேரா போடுங்க.”

“நேராத்தான மேடம் போடுதோம்,” என்றாள் கேப்டன்.

பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் நேர். இன்னும் கொஞ்சம் கிழக்கே, இன்னும் கொஞ்சம் என்று வடிவு கத்தக் கத்த, பந்து கிழக்குப் படிகள் வரைக்கும் போய் உருண்டது. சாயங்காலத்துக்குள் பெண்களுக்கு எந்தப் பக்கம் போடுவதென்றே மறந்துபோனது.

புதன்கிழமை வடிவு மறுபடி நெற்களத்துக்கு வந்தார். இந்தத் தடவை தெருமுனையில் தயங்கவில்லை.

“காத்து,” என்றார்.

“ஆமா மேடம்.”

“தெரிஞ்சு என்னம்மா பிரயோஜனம்? பன்னெண்டு பேரோட கையை ரெண்டு நாள்ல எப்படித் திருப்ப? நாளன்னைக்கு ஆட்டம். எனக்கு வேற வேலை தெரியாது.”

நிலோபர் அவருக்கு நாற்காலியைப் போட்டு, தானும் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டா மேடம்? உங்க கோர்ட்டுல பந்து கிழக்குப் பக்கமாத் தப்புற பிள்ளைங்க யாரும் வந்ததில்லையா?”

“ஏன் வராம? வருஷா வருஷம் தேர்வுக்கு ரெண்டு பேராவது வருவாளுவ. பத்து பந்து போட்டா பத்தும் ஒரே எடத்துல, கிழக்குப் பக்கமாப் போவும். குறியே கிடையாது. நான் அப்பவே அனுப்பிருவே...”

வாக்கியம் முடியவில்லை.



“பத்தும் ஒரே எடத்துல,” என்றார் வடிவு, தனக்கே சொல்வதுபோல.

நிலோபர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வடிவு வாங்கினார், குடிக்கவில்லை.

“எங்க கோர்ட்டு காத்து உங்களுக்கு எப்படித் தெரியும்? போன வாரம் நீங்க ஸ்டேடியத்துக்குள்ளதான ஆடுனீங்க?”

“பதினாலு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் ஆடியிருக்கேன் மேடம். ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த புதுசுல. தேர்வுக்கு வந்தேன். பத்து பந்து குடுத்தீங்க.”

வடிவு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

“கண்ணை டாக்டர்ட்ட காட்டுன்னு சொன்னீங்க,” என்றாள் நிலோபர். “வாப்பா அன்னைக்கே கூட்டிட்டுப் போனாங்க. கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. மறுநாள் அதைக் கொண்டாந்து உங்ககிட்ட காட்டுனேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“அப்போ கையில கோளாறுன்னு சொன்னீங்க.”

வடிவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது. இவள் கோபமாகவாவது சொல்லியிருக்கலாம். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்கிறாள்.

“அதுக்கப்புறம் உன் கல்லூரியையே மாத்திட்டியாக்கும்?”

“ஆமா மேடம்.”

எப்போது நீங்க போய் நீ வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

“இந்த வருஷம் யாரும் வந்தாங்களா மேடம்?” என்று நிலோபர் கேட்டாள்.

வடிவு எழுந்துவிட்டார்.

“ஒருத்தி வந்தா. ஆவுடைச்செல்வி. தாவரவியல் முதல் வருஷம். நல்ல உயரம். பத்தும் கிழக்கே.”

“எங்க இருக்கா?”

“எங்க கல்லூரியிலதான் இருக்கா. கண்ணுல படாம இருக்கா.”

*

வியாழக்கிழமை காலை தாவரவியல் வகுப்பு வாசலில் வடிவு காத்திருந்தார். மணி அடித்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில், எல்லாரையும்விட ஒரு சாண் உயரமாக, ஆவுடைச்செல்வி வந்தாள். வடிவைக் கண்டதும் சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

“ஏட்டி, நாளைக்கு எனக்கு ஒரு மேட்ச் ஆட வருதியா?”

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கையிலிருந்த நோட்டுப் புத்தகங்களைத் தரையில் வைத்துவிட்டு வடிவின் கையையே பிடித்துக்கொண்டாள்.

“வாரேன் மேடம்! நீங்க கூப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்.”

“இன்னைக்குச் சாயங்காலமே வந்துரு. நீ எப்படிப் போடுவியோ அப்படியே போடு. ஒண்ணையும் மாத்த வேண்டாம்.”

“இல்ல மேடம், எல்லாம் மாத்திட்டேன்!” என்றாள் ஆவுடைச்செல்வி. மூச்சு வாங்கியது அவளுக்கு. “அன்னைக்கு நீங்க அனுப்புனதுலேர்ந்து தினமும் விடியக்காலம் பழைய கோர்ட்டுக்கு வந்து போடுதேன். ஆறு வாரம் ஆச்சு. கையை மலைப் பக்கமாத் திருப்பிப் போட்டா விழுதுன்னு நானே கண்டுபிடிச்சேன். இப்போ பத்துக்கு ஒம்பது விழுது மேடம். பழைய மாதிரிப் போடச் சொன்னாக்கூட இனிமே வராது.”

வடிவு அவள் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது.

“இப்படி மாத்தச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னா?”

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. சந்தோஷம் குறையாமலே வடிவைப் பார்த்தாள்.

“நீங்கதான மேடம்.”