அண்டாவுக்கு அந்தப் பக்கம்

"டீச்சர், மோசே சட்டத்தக் கிழிச்சு எறிஞ்சிரலாமா?"

வேதபாட வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போயாச்சு. நான் மட்டும் போகல. லோவிசா டீச்சர் கரும்பலகைய அழிச்சுக்கிட்டிருந்தாங்க.

"எந்தச் சட்டம் ஒன்னக் கடிச்சிச்சு கிதியோன்?"

"இப்ப நடத்துனீங்களே. பகையாளி கழுதை சுமையோட விழுந்து கெடந்தா தூக்கி விடணுமாம். நம்ம ஊர்ல எவன்ட்ட கழுதை இருக்கு?"

"ஒங்க அண்ணன்ட்ட இல்ல."

"அவன் பேச்ச எடுக்காதீங்க."

"நான் கழுதையப் பத்தித்தான பேசுனேன்?"

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

அப்பா செத்தன்னைக்கு நான் மெட்ராஸ் காலேஜ்லேர்ந்து பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன். "மதுரை தாண்டிட்டேன், பெட்டிய மூடிராதீங்க"ன்னு போன்ல கெஞ்சுனேன். எங்கண்ணன் ஆசீர் மூடிட்டான். நான் வந்து எறங்குறப்ப குழியில மண்ணு.

படிப்பு முடிஞ்சு வந்து வருசக்கணக்காச்சு, ஒரே வீடு, ஒரே சோத்துப்பான. அன்னைலேர்ந்து பேச்சு கெடையாது.

"மன்னிக்கணும்னு சொல்லப் போறீங்க. சொல்லுங்க."

"அந்த வசனத்துல அப்படியா எழுதிருக்கு?"

பைபிளப் பொரட்டிப் பாத்தேன். இல்ல.

"சிரிச்சுப் பேசணும்னு?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"அதுவும் இல்ல. தூக்கணும். அவ்ளோதான்."

"சுமையோட கெடக்குற கழுதைய ஒத்தையாளா தூக்கிருவியோ?"

"எப்படி முடியும்? அந்தப் பக்கம் ஒருத்தன் புடிக்கணும்லா?"

"எவன்?"

வசனத்த மறுபடி பாத்தேன். கழுதைக்குச் சொந்தக்காரன், அந்தப் பகையாளியேதான்.

"நாளைக்கு அசனம். வந்துரு"ன்னு வெளக்க அணைச்சிட்டாங்க.

அசனம்னா எங்க கோயில் விருந்து. ஊரே சேந்து சமைக்கும், ஊரே ஒண்ணா ஒக்காந்து சாப்புடும்.

மறுநா பந்தி போட்டாச்சு. கோயிலுக்குப் பின்னால அடுப்புல கொழம்பு தளதளன்னு கொதிக்குது. டீச்சர் என் கையில சாக்குத்துணியத் திணிச்சு, "அண்டாக் காதப் புடி"ன்னாங்க.

எதுத்த காதப் புடிக்க ஆசீர் வந்தான்.

"ஏன் டீச்சர், வேற ஆளே கெடைக்கலையா?"

"கெடைச்சாங்க. வேணாம்னுட்டேன்."

தூக்குனோம். ஆவிக்கு அந்தப் பக்கம் அவன் மொகம். பாக்காம இருக்க முடியல. அப்பா மாதிரியே நரைச்சிருந்தான்.

ஆத்திரத்துல வெடுக்குன்னு இழுத்தேன். கொழம்பு அலம்பி அவன் மணிக்கட்டுல ஊத்திருச்சு.

பல்லக் கடிச்சான். காத விடல.

"விட்டுத் தொலைய வேண்டியதுதான?"ன்னு கத்துனேன்.

"விட்டா ஒங்கால்ல கொட்டும்லாலே."

ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். கீழ வைக்கவும் தோணல.

"அன்னைக்கு ஐஸ் பெட்டி கெடைக்கல"ன்னான், கொழம்பப் பாத்துக்கிட்டே. "நல்ல கோடை. அப்பா மொகம் மாறிப் போச்சு. அது ஒங்கண்ணுல நிக்க வேணாம்னுதான்லே மூடுனேன். நான் பாத்துட்டேன். ஒருத்தன் பாத்தாப் போதும்னு நெனச்சேன்."

ஆவி கண்ணுல ஏறிச்சு. ஆவிதான்.

பந்தியிலேர்ந்து டீச்சர் சத்தம் போட்டாங்க. "ஏலே, கொழம்பு எங்க? சோறு ஆறுது!"

நான் ஒரு எட்டு வச்சேன். அவனும் வச்சான்.

"மெதுவாண்ணே."