முதல் வரியில் இருந்தவன்

மலையடிவாரத்து மடத்தில் அன்று காலை இணையப் பெட்டியை மாற்றிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கணினிக்கு இணைப்பே வரவில்லை.

மணி நாலு இருபது. அலுவலக அறையில், மடத்துக் கணினியை நம்பி வந்த ஊர்ப்பெண் கோமதி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். செவிலியர் வேலைக்கான விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். கைபேசிக்கோ அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

மடத்து எழுத்து வேலையெல்லாம் பொன்னுரங்கத்தின் கையில். அறுபது வயதுக்கு மேல் சீடராகச் சேர்ந்தவர். அக்கம்பக்கத்து இணைப்புகளைத் தேட கணினியிலேயே ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியும். கட்டளை தட்டும் கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஒரு வரி தட்டினார். பெயர், பலம், பூட்டு என்று வரிசையாக வந்து நின்றன. ஏழு பெயர்கள். ஏழுக்கும் பூட்டு. ‘மடம்’ என்ற அவர்களுடைய இணைப்பின் பெயரை மட்டும் காணோம்.

“அம்மா, இந்த அநியாயத்தை வந்து பாருங்கள்!”

குரு நிறைமதி அம்மை வந்தார். பொன்னுரங்கத்தைவிட இருபது வயது இளையவர்.

“படியுங்கள் ஐயா.”

“இது மருந்துக்கடை. இது லாட்ஜ். இது மாடிவீட்டு வாத்தியார். வெள்ளிக்கிழமையானால் பொங்கலுக்கு முதல் ஆளாய் வந்து நிற்கிறாரே, அவரேதான்! அத்தனை பேரும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.”

“முதல் வரியில் யார்?”

“எவனோ! பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எழுத்தும் எண்ணும். பலம் தொண்ணூற்றொன்பது! இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறதே, இவனுக்கு நெஞ்சில் ஈரம் வேண்டாம்? சோறு எப்படி இறங்குகிறது இவனுக்கு?”

“விடுங்க ஐயா, என் தலையெழுத்து” என்றாள் கோமதி.

“நீ சும்மா இரும்மா! நேரில் அகப்படட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்.”

அம்மை கேட்டார்: “காலையில் பெட்டி மாற்றியவரிடம் என்ன சொன்னீர்கள்?”

“கண்டவர்களும் சுவரோரம் உட்கார்ந்து நம் இணைப்பில் படம் பார்க்கிறார்கள், நல்ல பூட்டாய்ப் போடு என்றேன். அதற்கென்ன இப்போது?”

அம்மை மாடத்தருகே போய்ப் புதுப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

“மறுபடி தேடுங்கள்.”

பொன்னுரங்கம் தட்டினார். ஆறு பெயர்கள். முதல் வரியில் இருந்தவன் இல்லை.

அம்மை சுவிட்சைப் போட்டார். சற்றுப் பொறுத்து, “இப்போது?” என்றார்.

ஏழு. அதே எழுத்து, அதே எண், அதே பூட்டு.

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, காலையில் பெட்டிக்காரர் எழுதிக் கொடுத்த கடவுச்சொல் சீட்டை எடுத்தார். எழுத்தெழுத்தாகத் தட்டினார். பூட்டு திறந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கோமதி கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போன பிறகும் பொன்னுரங்கம் நாற்காலியை விட்டு எழவில்லை.

“பெட்டி நம்முடையதென்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?”

“நீங்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி ஐயா. ஒன்றுகூடக் குறையாமல் உரியவருக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் இருந்தேன்.”